மீன் தொட்டியில் பச்சோந்தியா? உஷார்! சரியான கூண்டு அமைப்பது எப்படி?

சென்னை: லவ் பேர்ட்ஸ், கலர் மீன் என்று இருந்த செல்லப்பிராணி ஆசை இப்போது பச்சோந்தி வரை வந்துவிட்டது. ஆசையாக வாங்கிவிட்டு, வீட்டில் சும்மா கிடக்கும் மீன் தொட்டியை கழுவி அதிலேயே விட்டுவிடுவது வழக்கமாக நடக்கிறது. பச்சோந்திக்கு அது வீடு அல்ல. கொஞ்சம் கொஞ்சமாக சாகடிக்கும் பெட்டி!

நம்ம ஊர் பச்சோந்தி கூடவே கூடாது

முதலில் சட்டம். நம்ம ஊர் வேலியிலும் புதரிலும் திரியும் பச்சோந்தி, 1972-ம் ஆண்டு வன உயிரின பாதுகாப்பு சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட விலங்கு. அதை பிடிப்பது, விற்பது, வீட்டில் வளர்ப்பது எல்லாமே குற்றம். மாட்டினால் அபராதத்தோடு கம்பியும் எண்ண வேண்டும்.

செல்லப்பிராணியாக உலகம் முழுவதும் அதிகம் வளர்க்கப்படுவது ஏமன், சவுதி அரேபியா பகுதியை சேர்ந்த கொண்டை பச்சோந்தி. தலையில் தொப்பி வைத்தது போல இருக்கும். இதுவும் சர்வதேச வர்த்தக கட்டுப்பாட்டு பட்டியலில் உள்ள இனம். 2022-ல் திருத்தப்பட்ட சட்டம், 2024-ல் வந்த விதிகளின்படி, இப்படிப்பட்ட வெளிநாட்டு விலங்கை வைத்திருப்பவர்கள் மத்திய அரசின் 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். வாங்கிய ரசீது, இறக்குமதி பேப்பர் இல்லாமல் 'சீப்பா கிடைக்குது' என்று வாங்கினால் வம்புதான்.

நீளம் அல்ல, உயரம்!

பச்சோந்தி மரத்தில் வாழும் பிராணி. தரையில் ஓடி ஆடாது. மேலே ஏறி உட்கார்ந்தால்தான் அதற்கு நிம்மதி. வளர்ந்த கொண்டை பச்சோந்தி ஒன்றுக்கு 2 அடி அகலம், 2 அடி ஆழம், 4 அடி உயரத்தில் கூண்டு தேவை. கூண்டை தரையில் வைக்காமல் மேஜை மேல் வைக்க வேண்டும். ஆட்கள் அதற்கு மேலே நின்று குனிந்து பார்த்தால், கழுகு வந்துவிட்டது போல மிரண்டு போகும்.

நான்கு பக்கமும் வலையாக இருந்தால் நல்லது. கண்ணாடி தொட்டியில் காற்று ஓடாது. ஈரம் தேங்கி பூஞ்சை பிடிக்கும், நுரையீரலில் சளி கட்டும். கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தையே எதிரி என்று நினைத்து நாள் முழுக்க முறைத்துக்கொண்டிருக்கும். இரும்பு வலை நகத்தை கிழிக்கும் என்பதால் பிளாஸ்டிக் பூச்சு உள்ள வலை வாங்க வேண்டும்.

ஒரு கூண்டுக்கு ஒரு பச்சோந்திதான். ஜோடியாக விட்டால் சண்டை போட்டே நோய்வாய்ப்படும்.

கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் குடிக்காது

இங்குதான் பலரும் ஏமாறுகிறார்கள். கிண்ணம் நிறைய தண்ணீர் இருந்தாலும் பச்சோந்திக்கு அது கண்ணில் படாது. இலையில் சொட்டி உருளும் துளியைத்தான் நக்கி குடிக்கும். குளுக்கோஸ் ஏற்றும் டியூப்பை புதிதாக வாங்கி, ஊசியை கழற்றிவிட்டு ஒரு பாட்டிலில் மாட்டினால் போதும். சொட்டு சொட்டாக இலை மேல் விழும். காலையும் மாலையும் ஸ்பிரேயரால் தண்ணீர் தெளிக்கலாம். நடுவில் கூண்டு நன்றாக காய வேண்டும்.

உள்ளே செம்பருத்தி, மணி பிளான்ட் தொட்டிகளை வைக்கலாம். செம்பருத்தி இலையை கொண்டை பச்சோந்தி கடித்தும் தின்னும். அரளி, ஊமத்தை பக்கமே போகக்கூடாது. குறுக்கும் நெடுக்குமாக குச்சிகள் கட்ட வேண்டும். தரையில் கூழாங்கல், மரத்தூள் கொட்டினால் நாக்கில் ஒட்டி வயிற்றுக்குள் போய்விடும். வெறும் பேப்பர் போதும்.

எலும்பை காப்பாற்றும் வெளிச்சம்

சாதாரண பல்பு வெளிச்சம் மட்டும் போதாது. சூரிய ஒளியில் உள்ள யு.வி.பி. கதிர் உடம்பில் பட்டால்தான் வைட்டமின் டி உண்டாகி, சாப்பாட்டில் உள்ள கால்சியம் எலும்பில் சேரும். இல்லாவிட்டால் கால் வளைந்து, தாடை ரப்பர் மாதிரி ஆகி, கிளையை பிடிக்க முடியாமல் விழும். இதற்கென யு.வி.பி. டியூப்லைட் இருக்கிறது. தினம் 12 மணி நேரம் எரிய வேண்டும். வெளிச்சம் வந்தாலும் கதிரின் சக்தி குறைந்துவிடும் என்பதால் ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும்.

காலை இளவெயிலில் வலைக்கூண்டை வெளியே வைப்பதும் நல்லது. பாதி கூண்டுக்கு நிழல் கட்டாயம். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் யு.வி.பி. கிடைக்காது. கண்ணாடி பெட்டியை வெயிலில் வைத்தால் அடுப்புதான், சில நிமிடத்தில் உயிர் போய்விடும்.

வெயில் காய 30 டிகிரி செல்சியஸ் அளவுக்கு சூடான ஒரு கிளை போதும். மற்ற இடம் அதைவிட குளுமையாக இருக்க வேண்டும். நம்ம ஊர் கோடையில் பிரச்சினை குளிர் அல்ல, சூடுதான். வாயை பிளந்தபடி உட்கார்ந்திருந்தால் சூடு தாங்கவில்லை என்று அர்த்தம். எறும்பு ஏறாமல் இருக்க கூண்டுக் கால்களை தண்ணீர் கிண்ணத்தில் வைக்கலாம்.

தீனி, முட்டை

உயிருள்ள சில்வண்டு, வெட்டுக்கிளிதான் தீனி. கால்சியம் பவுடர் தூவி கொடுக்க வேண்டும். வீட்டு கரப்பான் வேண்டாம், மருந்து அடித்ததாக இருக்கலாம். தின்னாமல் விட்ட சில்வண்டை எடுத்துவிட வேண்டும். ராத்திரி தூங்கும் பச்சோந்தியையே கடிக்கும்.

பெண் பச்சோந்தி ஆண் துணை இல்லாமலேயே முட்டை வைக்கும். தோண்டுவதற்கு ஒரு அடி ஆழத்துக்கு ஈர மணல் தொட்டி இல்லாவிட்டால், முட்டையை வயிற்றிலேயே அடக்கிவைத்து செத்துப்போகும்.

கண் சொல்லும் சேதி

பச்சோந்தி நிறம் மாறுவது ஒளிந்துகொள்ள மட்டும் அல்ல. பயம், கோபம், சூடு எல்லாம் தோலில் தெரியும். எப்போதும் கறுத்தே இருப்பது, பகலில் கண்ணை மூடுவது, கண் குழி விழுவது ஆகியவை ஆபத்து அறிகுறிகள். உடனே ஊர்வன விலங்குகளை பார்க்கும் கால்நடை டாக்டரிடம் போக வேண்டும்.

இத்தனையும் செய்ய முடியாதவர்கள் வாங்காமல் இருப்பதே புண்ணியம். நம்ம ஊர் பச்சோந்தி ரோட்டை கடக்கும்போது கண்ணில் பட்டால் அடிக்க வேண்டாம். அதற்கு விஷம் கிடையாது. ஒரு நீள குச்சியில் ஏற்றி, அது போகும் பக்கத்து புதரில் விட்டால் போதும். அதற்கு அதைவிட நல்ல கூண்டு கிடையாது!