சத்தியவேட்டைச் சூழ்ந்த மலைகளில் எளிய நடைப்பயணங்கள்

மலையேற்றம் என்றவுடன் கயிறும் முதுகுப்பையும் பனிச்சிகரங்களும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால், தனிப்பயிற்சி ஏதுமில்லாத ஒரு குடும்பம் காலையில் புறப்பட்டு, ஓடைநீரில் கால் நனைத்து, மாலைக்குள் வீடு திரும்பக்கூடிய மலைகளும் நமக்கு அருகிலேயே உள்ளன. ஆந்திர மாநிலத்தின் தென்கோடியில், தமிழக எல்லையை ஒட்டியிருக்கும் சத்தியவேட்டைச் சூழ்ந்த மலைகள் அத்தகையவை. சென்னையிலிருந்து செங்குன்றம், பெரியபாளையம், ஊத்துக்கோட்டை வழியாகச் சாலைப் பயணமாக இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் இவற்றின் அடிவாரத்தை அடையலாம்.

சத்தியவேடு ஒரு காலத்தில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1959ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டப்படி, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துடன் இணைந்தபோது, சத்தியவேடு ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திற்குச் சென்றது. 2022 ஏப்ரல் முதல் அது புதிய திருப்பதி மாவட்டத்தில் அடங்கியுள்ளது. எல்லைகள் மாறினாலும் கடைவீதியில் தமிழும் தெலுங்கும் இன்றும் கலந்தே ஒலிக்கின்றன. மலைப்பெயர்களும் அவ்வாறே. 'கோன' என்பது தெலுங்கில் மலையிடுக்குப் பள்ளத்தாக்கு. 'மடுகு' என்பது நம் தமிழின் 'மடு'.

இந்தப் பெயர்களே இம்மலைகளின் இயல்பைச் சொல்லிவிடுகின்றன. இங்குள்ள எளிய பாதைகள் பெரும்பாலும் நீரைத் தொடர்ந்து செல்பவை. அவற்றின் அழகும் நீர்தான். அவற்றில் நேரும் துயரங்களுக்குக் காரணமும் பெரும்பாலும் நீர்தான். ஆகவே, பாதையைத் தேர்ந்தெடுக்குமுன் ஓடையின் இயல்பை அறிந்துகொள்வது நலம்.

கல்லும் நீரும்

நகரி, நாகலாபுரம் பகுதி மலைகள் குவார்ட்சைட் எனப்படும் கடும்பாறையால் ஆனவை. நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னர்ப் படிந்த மணல் இறுகி உருமாறியதே இப்பாறை. எளிதில் கரையாத இக்கல், வெடிப்புகளின் வழியே செங்குத்தாகப் பிளக்கும். அந்தப் பிளவுகளில் இறங்கும் ஓடைகள் அருவிகளாக விழுந்து, விழுந்த இடத்தில் ஆழமான மடுக்களைக் குடைந்துள்ளன.

சத்தியவேட்டை ஒட்டிய தாழ்ந்த குன்றுகளின் கல் வேறு வகை. உருண்டைக் கற்களும் கூழாங்கற்களும் மணலுடன் சேர்ந்து இறுகிய பாறை அது. நிலவியலாளர் அதனை 'சத்தியவேடு படிவம்' என்று இவ்வூரின் பெயராலேயே அழைக்கின்றனர்.

கைலாசகோனா: முதியோருக்கும் சிறாருக்கும்

புத்தூருக்கும் நாகலாபுரத்திற்கும் இடையே, நாராயணவனத்திற்கு அருகில் உள்ளது கைலாசகோனா. வாகனம் நிற்கும் இடத்திலிருந்து சிறிது தூரம் படிகளில் ஏறினால் அருவியை அடையலாம். ஆண்டின் பெரும்பகுதி நீர் விழும். அருகிலேயே சிவன் கோயிலும் உள்ளது. முழங்கால் வலி உள்ளோரும் கைக்குழந்தையுடன் வருவோரும் இதிலிருந்து தொடங்கலாம். விடுமுறை நாட்களில் கூட்டம் மிகுதி என்பதால், காலை வேளையே உகந்தது.

நாகலாபுரம்: ஓடைவழி நடை

நாகலாபுரத்தின் வேதநாராயணர் கோயில், கிருஷ்ணதேவராயர் தம் தாயார் நாகலாதேவியின் நினைவாக எழுப்பியது என்பர். மார்ச் மாதத்தில் சில நாட்கள் மாலைக் கதிரவனின் ஒளி கருவறை வரை சென்று மூலவர்மேல் படுவதைக் காண மக்கள் திரள்வர். இவ்வூரை அடுத்த ஆரை என்னும் சிற்றூரின் அணையிலிருந்து ஓடைவழிப் பாதை தொடங்குகிறது.

முதற்பகுதி சமவெளி நடையைப் போன்றது. பின்னர்ப் பாதை ஓடைப்படுகைக்குள் இறங்கி, பாறைகளைத் தாண்டித் தாண்டிச் செல்கிறது. முதல் மடு வரை செல்வது ஓரளவு நடக்கப் பழகியவர்க்கு இயலும். அதற்கு மேலுள்ள மடுக்களுக்குச் செல்லும் வழியில் கைகளையும் ஊன்றி ஏற வேண்டியிருக்கும். அதனை எளிய பாதை என்று கொள்ளலாகாது.

உப்பலமடுகு: பாதி வழி போதும்

தடா அருவி என்று சென்னைவாசிகள் அழைப்பது உப்பலமடுகைத்தான். சத்தியவேட்டுக்கு வடக்கே, வரதையபாளையம் வழியாக இதற்குச் செல்லலாம். வனத்துறைச் சோதனைச்சாவடியைக் கடந்து காட்டுச்சாலையில் செல்ல, சிவன் கோயில் ஒன்று வரும். சிவராத்திரி நாளில் சுற்றுவட்டார மக்கள் இங்கே கூடுவர். கோயிலைச் சுற்றியுள்ள நிழலும் ஆழமற்ற நீரோட்டமும் குடும்பத்துடன் ஒரு பகற்பொழுதைக் கழிக்கப் போதுமானவை. உயரத்திலிருந்து விழும் பெரிய அருவிக்கான வழி வழுக்குப்பாறைகள் நிறைந்தது.

குடியம்: நீரில்லாப் பாதை

நீரை விரும்பாதவர், அல்லது மழைக்காலத்தில் ஓடையைத் தவிர்க்க எண்ணுபவர், எல்லைக்கு இப்பால் திருவள்ளூர் மாவட்டத்தில் பூண்டிக்கு அருகிலுள்ள குடியம் குகைகளை நாடலாம். மேலே சொன்ன கூழாங்கற்பாறையில் அமைந்த இயற்கைக் குகைத் தங்கல்கள் இவை. குன்றுகளிலிருந்து உதிர்ந்த அக்கற்களையே ஆதிமனிதர் கருவிகளாகச் செதுக்கினர். இராபர்ட் புரூஸ் பூட் 1863இல் கண்டறிந்த அத்திரம்பாக்கம் இதற்கு அருகில்தான் உள்ளது. அங்குக் கிடைத்த கற்கருவிகளுள் தொன்மையானவை ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் பழைமை வாய்ந்தவை என 2011இல் வெளியான ஆய்வு கூறியது. பூண்டியிலுள்ள தொல்பழங்கால அகழ்வைப்பகத்தைக் கண்டபின் நடந்தால், காலடியில் கிடக்கும் ஒவ்வொரு கல்லும் வேறாகத் தோன்றும்.

திருமலைப் படிவழிகள்

இப்பகுதியில் மிகப் பெருந்திரளான மக்கள் நடக்கும் மலைப்பாதை திருமலைப் படிகளே. அலிபிரி வழியில் 3,550 படிகள். சந்திரகிரிப் பக்கமுள்ள ஸ்ரீவாரி மெட்டு வழியில் 2,388 படிகள். முன்னது நீளமானது, இடையிடையே சமதளம் உடையது. பின்னது குறுகியது, செங்குத்தானது. படியும் கூரையும் குடிநீரும் இருப்பதால் இவற்றைப் பூங்காவில் நடப்பதுபோல் எண்ணிவிடக் கூடாது. 2021 நவம்பர்ப் பெருமழையில் சிதைந்த ஸ்ரீவாரி மெட்டு வழி, 2022 மே மாதத்தில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. 2023 ஆகஸ்டில் அலிபிரி வழியில் சிறுத்தை தாக்கி ஒரு சிறுமி உயிரிழந்தாள். அதன்பின், பிற்பகலுக்குமேல் சிறார் நடந்து செல்வதற்குத் தேவஸ்தானம் தடை விதித்தது.

'எளிது' என்பதை எப்படி அளப்பது?

ஸ்காட்லாந்து மலையேற்றக்காரர் நைஸ்மித் 1892இல் வகுத்த ஒரு கணக்கு இன்றும் உலகெங்கும் வழங்குகிறது. 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்திற்கும் மேலும் ஒரு மணி நேரம். ஆனால் இது சீரான பாதையில் நடக்கும் திடகாத்திரமானவர்க்கு உரியது. பாறை நிறைந்த ஓடைப்படுகையில், குழந்தைகளுடன், மணிக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் கடப்பதே பெரிது. வரைபடத்தில் '3 கிலோமீட்டர்' என்றிருப்பதைப் பார்த்துப் பிற்பகலில் புறப்படுவோர் காட்டில் இருட்டில் சிக்குவது இக்கணக்குப் பிழையால்தான். திரும்பும் நேரத்தைப் புறப்படும்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். நண்பகல் 1 மணி என்று முடிவு செய்தால், அருவி கண்ணுக்கு எட்டும் தொலைவில் இருந்தாலும் 1 மணிக்குத் திரும்பிவிட வேண்டும்.

பருவமும் பாதையின் தன்மையை மாற்றும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். மலைமுகட்டில் பெய்த மழை, கீழே வானம் தெளிந்திருக்கும்போதும் ஓடையில் திடீர் வெள்ளமாக வரக்கூடும். தெளிந்த நீர் கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், உடைமைகளை எடுக்கவும் காத்திராமல் உடனே மேட்டுக்கு ஏறிவிடுங்கள். ஜனவரியும் பிப்ரவரியும் நடைக்கு மிக ஏற்றவை. மார்ச் முதல் புல் காய்ந்து காட்டுத்தீ அச்சம் தொடங்கும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டக் குரங்கணி மலையில் தீயில் சிக்கி 23 பேர் உயிரிழந்ததை நாம் மறக்கலாகாது.

அந்தத் துயரத்திற்குப் பின்னர்த் தமிழக அரசு மலையேற்றத்திற்கெனத் தனி விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் 40 பாதைகளை எளியவை, மிதமானவை, கடினமானவை என வகைப்படுத்தி, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளுடன் வனத்துறை திறந்துவிட்டது. குடியம் அவற்றுள் ஒன்று.

மடுவின் முன்னே

நாகலாபுரத்திலும் உப்பலமடுகிலும் இளைஞர்கள் மூழ்கி உயிரிழந்த செய்திகள் பலமுறை வந்துள்ளன. பலர் நீச்சல் அறிந்தவர்களே. கிணற்றிலும் குளத்திலும் பழகிய நீச்சல் இங்கு உதவாமல் போவதற்குக் காரணங்கள் உண்டு. மடுவின் ஓரம் படிப்படியாக இறங்காமல் சட்டென ஆழமாகும். நீர் குளிர்ந்திருப்பதால் வெயிலில் நடந்து களைத்த உடல் விறைக்கும். பாசி படிந்த பாறையில் கைப்பிடி கிடைக்காது. வெள்ளம் வந்துபோன பின் உள்ளே கற்கள் இடம் மாறியிருக்கும். சென்ற ஆண்டு குதித்த இடம் இவ்வாண்டு பாதுகாப்பானதன்று. முழங்காலளவு நீருடன் நின்றுகொள்வதும், மது அருந்தியவரை நீரில் இறங்கவிடாமல் தடுப்பதும் உயிர் காக்கும்.

புறப்படுமுன்

இக்காடுகள் காப்புக்காடுகள். செஞ்சந்தன மரங்களைக் காக்கும் பொருட்டு ஆந்திர வனத்துறை கடுங்கண்காணிப்பு மேற்கொள்கிறது. அனுமதியின்றி நுழைவது குற்றம். விபத்து, மழை, தீ ஆகியவற்றைக் கருதி அவ்வப்போது பாதைகள் மூடப்படுவதால், முதல்நாளே வனத்துறையிடம் கேட்டறியுங்கள்.

பள்ளத்தாக்குகளில் கைப்பேசிச் சைகை கிடைக்காது. அங்குக் கைப்பேசிவழிப் பணப்பரிமாற்றமும் இயலாது. நுழைவுக் கட்டணத்திற்கும் வழிகாட்டியின் ஊதியத்திற்கும் சில்லறையாகப் பணம் வைத்திருங்கள். எங்குச் செல்கிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை வீட்டிலுள்ள ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். அவசர உதவி எண்களான 108, 112 ஆகியவற்றை அழைக்க, சைகை கடைசியாகக் கிடைத்த இடத்தை நினைவில் கொள்ளுங்கள்.

சேமிப்புக் கணக்கு உள்ள 18 முதல் 70 வயதுக்குட்பட்டோர், பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவில் ஆண்டுக்கு ₹20 செலுத்தி ₹2 இலட்சம் வரை விபத்துக் காப்பீடு பெறலாம். காப்பீட்டு ஆண்டு ஜூன் 1 முதல் மே 31 வரை. உங்கள் கணக்கில் அது நடப்பில் உள்ளதா என்று பார்த்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு தருணம்.

நாகலாபுரம் மலையோடைகளின் நீர் ஆரணியாற்றில் கலந்து, சுருட்டப்பள்ளியையும் ஊத்துக்கோட்டையையும் கடந்து பழவேற்காடு நோக்கிச் செல்கிறது. வழிநெடுக வயல்களும் கிணறுகளும் அதனை நம்பியுள்ளன. கொண்டுசென்ற நெகிழிப்பையும் குப்பியும் உங்களோடு வீடு திரும்பட்டும்.