வயிற்றுப் புண்ணும் ஒரு கிருமியும்

வயிற்றுப் புண் எதனால் உண்டாகிறது என்று வினவினால், வேளை தவறி உண்பதாலும், காரத்தாலும், மனக்கவலையாலும் என்றே நம்மில் பலர் விடை கூறுவர். நெடுங்காலம் மருத்துவ உலகமும் ஏறக்குறைய இவ்வாறே கருதி வந்தது. அமிலத்தைக் குறைக்கும் மருந்தால் புண் ஆறும். மருந்தை நிறுத்தினால் மீண்டும் தோன்றும். சிலருக்கு இரைப்பையின் ஒரு பகுதியை அறுத்தெடுக்கவும் நேர்ந்தது.

இந்நிலையை மாற்றியவர்கள் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகர மருத்துவர் இருவர். ராயல் பெர்த் மருத்துவமனையில் திசுக்களைச் சோதித்து வந்த ராபின் வாரன், 1979-ஆம் ஆண்டில் அழற்சியுற்ற இரைப்பைத் திசுவில் வளைந்த வடிவமுள்ள கிருமிகளைக் கண்டார். 1981-இல் இளம் மருத்துவர் பாரி மார்ஷல் அவருடன் சேர்ந்தார். கிருமியைத் தனியே வளர்க்கும் முயற்சிகள் முதலில் பலிக்கவில்லை. வளர்ப்புத் தட்டுகளை இரண்டு நாட்களில் அகற்றிவிடுவது வழக்கமாக இருந்தது. 1982-இல் ஈஸ்டர் விடுமுறையால் அவை கூடுதல் நாட்கள் இருந்துவிட்டன; கிருமி வளர்ந்திருந்தது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்பது இன்று அதன் பெயர்.

கடும் அமிலத்தில் கிருமி எவ்வாறு பிழைக்கும் என்று பலர் ஐயுற்றனர். வயலுக்கு இடும் யூரியாவை நாம் அறிவோம். அப்பொருள் நம் உடலிலும் சிறிதளவு உண்டு. இக்கிருமி அதனைச் சிதைத்து அம்மோனியாவை உண்டாக்குகிறது. அம்மோனியா அமிலத்தின் வீரியத்தைத் தணிக்க, கிருமி இரைப்பைச் சுவரின் சளிப் படலத்துள் புகுந்து வாழ்கிறது.

ஐயத்தைப் போக்க விரும்பிய மார்ஷல், 1984-இல் தம் இரைப்பை நலமாக இருப்பதைச் சோதித்தறிந்த பின், அக்கிருமி கலந்த திரவத்தைத் தாமே அருந்தினார். சில நாட்களில் குமட்டலும் வாந்தியும் கண்டன. மறுபடி சோதித்தபோது இரைப்பை அழற்சியுற்றிருந்தது. கிருமியும் அங்கே காணப்பட்டது. 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இதனால் நாம் பெறும் பயன் யாது? மூச்சு, மலம் ஆகியவற்றைச் சோதித்தோ, குழாய் செலுத்திப் பார்த்தோ கிருமி இருப்பதை அறியலாம். அமிலத்தைக் குறைக்கும் மருந்துடன் கிருமிக்கொல்லி மருந்துகளைச் சேர்த்து, பெரும்பாலும் இரண்டு வாரம் உண்ணச் செய்வர். வலி நின்றதென்று இடையில் நிறுத்தினால் கிருமி எஞ்சி, மருந்துக்கு அடங்காததாக மாறக்கூடும். சிலருக்கு இக்கிருமி இரைப்பைப் புற்றுநோய்க்கும் வழி கோலுகிறது.

கிருமி உள்ள அனைவருக்கும் புண் வருவதில்லை; எல்லாப் புண்ணுக்கும் கிருமியே காரணமும் அன்று. தறியிலும் வயலிலும் உழைத்து உடல்வலி கண்டவர்கள் மருத்துவரைக் கேளாது நாள்தோறும் விழுங்கும் வலி மாத்திரைகளும் புண்ணை உண்டாக்கும். மலம் தார் போல் கறுத்துப் போனாலும், வாந்தியில் இரத்தம் கண்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும்.

ஆகவே, வயிற்று வலியைத் தலைவிதியென்று ஆண்டுக்கணக்கில் பொறுத்திருத்தல் வேண்டா. காரணத்தைச் சோதித்தறிந்து, மருந்தை முழுமையாக உண்டு நலம் பெறுமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.