தணிக்கையும் காலமும்: ‘கொமிசார்’ திரைப்படத்தின் வரலாறு

திரைப்படமொன்று மக்கள் பார்வைக்கு வருமுன் அதனை ஆராய்ந்து, காட்டத் தக்கது இது, தகாதது இது என வரையறுக்கும் செயலைத் தணிக்கை என்பர். கணக்கேடுகளைச் சரிபார்ப்பதற்கும் இச்சொல் வழங்குவதுண்டு. ஆயினும் இவ்விரு செயல்களுக்குமிடையே பெரியதொரு வேறுபாடு காணப்படுகின்றது. கணக்கைச் சரிபார்ப்பவர் தாம் கண்ட வரவையும் செலவையும் இழப்பையும் ஏட்டில் எழுதிவைப்பார். ஒரு கலைப்படைப்பை ஆட்சியாளர் மறைத்து வைக்கும்பொழுது நேரும் இழப்பை எழுதிவைப்பார் எவருமிலர். தடைசெய்யப்பட்ட படமொன்று பல்லாண்டுகள் கழிந்தபின் அதனை ஆக்கிய நெறியாளரின் முன்னிலையிலேயே திரையிடப்படும் அரிய வேளைகளில் மாத்திரமே அக்கணக்கின் சில வரிகளாவது உலகின் கண்ணுக்குப் புலனாகின்றன.

அத்தகைய வேளையொன்று 1987ஆம் ஆண்டு யூலை 11ஆம் நாள் மொஸ்கோ நகரில் வாய்த்தது. திரைப்படக் கலைஞர் சங்கத்தின் இல்லத்தில், ‘வெள்ளை மண்டபம்’ எனப்படும் அரங்கில், ‘கொமிசார்’ என்னும் படம் அன்று திரையிடப்பட்டது. அது 1967ஆம் ஆண்டில் எடுக்கப்பெற்ற படம். அதன் நெறியாளர் அலெக்சாந்தர் அஸ்கோல்தொவ். படத்தை எடுத்தபோது அவருக்கு வயது முப்பத்தைந்து. மக்கள் அதனைக் கண்டபோது வயது ஐம்பத்தைந்து. இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் அவருக்கு வேறொரு கதைப்படம் எடுக்க இடமளிக்கப்படவில்லை.

படத்தின் கதை மிக எளியது. உருசியப் புரட்சியையடுத்து நிகழ்ந்த உள்நாட்டுப் போரின்போது உக்ரேன் நாட்டுச் சிற்றூர் ஒன்றைச் செம்படை கைப்பற்றுகின்றது. அப்படையின் கொமிசார், அதாவது அரசியற் பொறுப்பாளர், கிளாவ்தியா வவிலோவா என்னும் பெண். கட்டுப்பாட்டிற் சிறிதும் வழுவாதவள். மனைவியைக் காணப் படையைவிட்டுச் சென்ற வீரனொருவனைச் சுட்டுக் கொல்லுமாறு கட்டளையிடத் தயங்காதவள். அவளோ இப்பொழுது நிறைமாதக் கருப்பிணி. பிள்ளைப்பேறு முடியும்வரை தங்குவதற்காக யெபிம் மகசானிக் என்னும் ஏழை யூதத் தகரக் கொல்லனின் வீட்டில் ஓர் அறை அவளுக்கு ஒதுக்கப்படுகின்றது. யெபிம், அவன் மனைவி மரியா, முதிய தாய், ஆறு பிள்ளைகள் என நெருங்கி வாழும் அச்சிறு வீட்டில், விருப்பமில்லாத விருந்தாளியாக அவள் நுழைகிறாள். நாளடைவில் அவ்வீட்டின் அன்பு அவளை இளகச் செய்கின்றது. படையுடையைக் களைந்து தாயாகின்றாள்.

பின்னர் எதிரிப்படை ஊரை நெருங்குகின்றது. குடும்பத்தார் நிலவறையில் ஒளிந்திருக்கின்றனர். அஞ்சும் பிள்ளைகளைத் தேற்றுவதற்காக யெபிம் ஆடத் தொடங்குகிறான். பிள்ளைகளும் அவனோடு சேர்ந்து ஆடுகின்றனர். நல்ல மனிதரெல்லாம் ஒன்றுகூடிய அகிலமொன்று இவ்வுலகில் தோன்றாதா என அவன் ஏங்குகிறான். அது குழந்தைக்குச் சொல்லும் கதை என்று வவிலோவா மறுக்கிறாள். அவ்வேளையில் அவள் மனக்கண்முன் வருங்காலம் தோன்றுகின்றது: அதே குடும்பத்தார், தம்மைப் போன்ற வேறு பலருடன், ஆடையில் யூதர்க்குரிய விண்மீன் அடையாளம் தரித்து, கொலைமுகாமின் வாயிலினுள் மெல்ல நடந்து செல்கின்றனர். 1920ஐ அடுத்த காலத்தில் நிகழும் கதையினுள் 1940களின் பேரழிவு இவ்வாறு ஒரு கணம் புகுந்து மறைகின்றது. இறுதியில் வவிலோவா தன் மகவை அக்குடும்பத்தாரிடமே விட்டுவிட்டுப் போர்முனைக்குத் திரும்புகிறாள்.

இக்கதையின் மூலம் வாசிலி குரொஸ்மன் 1934ஆம் ஆண்டில் வெளியிட்ட சிறுகதையாகும். அவர் யூதக் குடியில் உதித்தவர். இரண்டாம் உலகப்போரின்போது போர்முனைச் செய்தியாளராகப் பெயர்பெற்றவர். அவருடைய பெருநாவலின் கையெழுத்துப் படிகளை 1961இல் காவற்றுறையினர் கைப்பற்றிச் சென்றனர். 1964இல் அவர் இறந்தபோது அந்நாவல் வெளிவந்திருக்கவில்லை. அவ்வாறு ஆட்சியின் வெறுப்புக்கு ஆளான எழுத்தாளரின் கதையைத் தம் முதற் படத்துக்குத் தேர்ந்தமையே அஸ்கோல்தொவின் துணிவைக் காட்டும்.

அத்தேர்வுக்கு அவருடைய வாழ்க்கையிலும் காரணமுண்டு. அவருடைய தந்தையார் உள்நாட்டுப் போரில் கொமிசாராகப் பணிபுரிந்தவர். 1937ஆம் ஆண்டு ஸ்டாலின் ஆட்சியில் அவர் கைதாகிக் கொல்லப்பட்டார், தாயாரும் சிறைப்பட்டார். ஐந்து வயதுச் சிறுவனாகிய தம்மை அன்று அடைக்கலம் தந்து காத்தது ஒரு யூதக் குடும்பம் என்றும், பின்னர் கீவ் நகரையடுத்த பாபி யார் பள்ளத்தாக்கில் அக்குடும்பம் அழிந்தது என்றும் அஸ்கோல்தொவ் பிற்காலத்தில் கூறினார். அவ்விடத்தில் 1941ஆம் ஆண்டு செப்ரெம்பர் 29, 30 ஆகிய இரு நாட்களில் மாத்திரம் முப்பத்து மூவாயிரத்துக்கு மேற்பட்ட யூதரை நாசிப் படையினர் சுட்டுக் கொன்றனர். ஆகவே, திரையிலே கொமிசாரின் குழந்தையை ஏற்று வளர்க்கும் யூத வீடு, வெறுங் கற்பனை வீடன்று. பட்ட கடனை நினைந்து எழுப்பிய வீடு எனலாம்.

சோவியத் நாட்டில் திரைப்படத் தணிக்கை எவ்வாறு நிகழ்ந்தது என்பதை இவ்விடத்தில் விளங்கிக்கொள்ளுதல் தகும். அங்கே படம் எடுக்கும் நிலையங்கள் யாவும் அரசுக்கு உரியவை. கதை முதலில் நிலையத்தின் பதிப்பாசிரியர்களால் ஆராயப்படும். பின் திரைப்படத்துறைக்கான அரச குழுவின் இசைவு வேண்டும். படம் முடிந்தபின் அதனை அக்குழு ஏற்றுக்கொள்ள வேண்டும். ஏற்காவிடின் படம் வெளிவராது. நீதிமன்றம் செல்ல வழியில்லை. வேறொருவரிடம் விற்கவும் இயலாது. தடை என்ற சொல்லைக்கூட எவரும் எழுதவேண்டியதில்லை. படச்சுருளை அலுமாரித் தட்டில் வைத்துவிட்டால் போதும். ஆதலால் இத்தகைய படங்களை உருசியர் ‘தட்டுப் படங்கள்’ என்னும் பொருள்படவே அழைத்தனர்.

‘கொமிசார்’ புரட்சியின் ஐம்பதாம் ஆண்டு நிறைவையொட்டி எடுக்கப்பட்டது. அவ்வாறிருந்தும் அது அதிகாரிகளின் சினத்துக்கு ஆளானதற்குக் காரணங்கள் பல. புரட்சியின் வீராங்கனையை அவர்கள் கற்சிலைபோற் காண விரும்பினர். படமோ அவளைப் பாலூட்டும் தாயாகக் காட்டியது. கதையில் ஈரமும் அறிவும் மிக்கவராகத் தோன்றுவோர் படைவீரரல்லர். ஓர் ஏழை யூதக் குடும்பத்தார். 1967ஆம் ஆண்டு யூன் மாதம் இசுரவேலுக்கும் அராபிய நாடுகளுக்குமிடையே ஆறு நாட் போர் மூண்டது. சோவியத் அரசு இசுரவேலுடன் கொண்டிருந்த உறவை முறித்துக்கொண்டது. அதன்பின் யூதரைப் பற்றிய நல்லெண்ணப் படமொன்று அரசியற் சுமையாகவே கருதப்பட்டது. மேலும், நாசிகள் நிகழ்த்திய கொலைகளைக் குறிக்குமிடத்து, மாண்டோர் யூதர் எனப் பிரித்துக் கூறாது ‘சோவியத் குடிமக்கள்’ எனப் பொதுப்படக் கூறுவதே அக்கால அரசின் வழக்கம். வருங்காலக் காட்சியோ அவ்வழக்கத்தை நேரே மீறிற்று.

அதிகாரிகள் கேட்டவை இரண்டு: அக்காட்சியை நீக்கவேண்டும், அக்குடும்பத்தை யூதரல்லாத குடும்பமாக மாற்றவேண்டும். இவற்றுள் இரண்டாவது கோரிக்கை ஊன்றி நோக்கத்தக்கது. தணிக்கை என்றதும் ஒரு காட்சியைக் கத்தரிப்பதையே பலர் எண்ணுவர். ஒரு காட்சியை வெட்டினால், வெட்டிய இடத்திற் குறையொன்று தெரியும். காண்போர் அக்குறையைக் கொண்டே மறைந்ததை ஊகிக்கலாம். மாந்தரின் இனத்தை மாற்றிவிட்டாலோ குறையேதும் தோன்றாது. படம் முழுமையாக இருப்பதுபோலவே இருக்கும். வாழ்ந்து அழிந்த மக்கள் மாத்திரம் அதில் இரார். அஸ்கோல்தொவ் இரண்டிற்கும் இணங்கவில்லை. அதன்பின் அவர் தொழிலுக்குத் தகுதியற்றவரெனப் பட நிலையத்திலிருந்து நீக்கப்பட்டார், கட்சியிலிருந்தும் விலக்கப்பட்டார். படம் அழிக்கப்பட்டுவிட்டதென அவரிடம் கூறப்பட்டது. ஆயினும் படத்தின் படியொன்று அழியாமல் எஞ்சியது.

காலம் மாறிற்று. 1985இல் கொர்பச்சேவ் ஆட்சித் தலைமையை ஏற்றார். 1986ஆம் ஆண்டு மே மாதத்திற் கூடிய திரைப்படக் கலைஞர் சங்கப் பேரவை, எலெம் கிளீமொவ் என்னும் நெறியாளரைத் தன் முதற் செயலாளராகத் தேர்ந்தது. முடக்கிவைக்கப்பட்ட படங்களை ஆராய்ந்து விடுவிக்கச் சங்கம் ஒரு குழுவை அமைத்தது. அலெக்சி கெர்மன் 1971இல் முடித்த படம் 1986இல் வெளிவந்தது. தெங்கிஸ் அபுலாத்சே 1984இல் ஆக்கிய ‘கழுவாய்’ என்னும் படம் 1987இல் மக்களை அடைந்தது. இவ்வாறு படங்கள் பல தட்டைவிட்டு இறங்கின. ‘கொமிசார்’ மட்டும் இறங்கவில்லை.

1987 யூலையில் மொஸ்கோவில் அனைத்துலகத் திரைப்பட விழா நடைபெற்றது. வெளிநாட்டினர் கூடியிருந்த செய்தியாளர் கூட்டமொன்றில், தடைசெய்யப்பட்ட படங்கள் யாவும் வெளிவந்துவிட்டனவா என்னும் வினா எழுந்தது. வெளிவந்துவிட்டன என்றே கிளீமொவ் விடையளித்தார். அப்பொழுது அவையில் இருந்த அஸ்கோல்தொவ் எழுந்து பேச இடம் கேட்டார். தம் படம் இன்னமும் முடங்கிக் கிடப்பதை உலகத்தாரின் முன்னிலையிற் கூறினார். அதன் விளைவாகவே சில நாட்களுள் வெள்ளை மண்டபத்தில் படம் திரையிடப்பட்டது. புதிய ஆட்சியும் சீர்திருத்தக் குழுவும் அமைந்த பின்னரும், ஒரு மனிதர் எழுந்து நின்று கேட்டபின்னரே அப்படம் வெளிவந்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. நல்லாட்சி வந்தவுடன் மறைக்கப்பட்டவை தாமே வெளிவரும் என எண்ணுதல் பிழை. மறைத்த நாட்கள் நீண்டபோது, மறைத்திருப்பதே வழக்கமாகிவிடுகின்றது.

நெறியாளர் முன்னிலையில் இத்தகைய படத்தைக் காண்போருக்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. அவர்கள் ஒரே வேளையில் இரண்டைக் காண்கின்றனர்: ஒன்று திரையிலுள்ள படம், மற்றையது அதன்பொருட்டு ஒருவர் பட்ட துன்பம். பின்னையது முன்னையதை மறைத்துவிடுதல் எளிது. துன்பப்பட்டவர் ஆக்கியது ஆதலின் இது சிறந்த படம் என இரக்கத்தாற் கூறும் புகழ்ச்சி, கலைஞனுக்குச் செய்யும் இன்னொரு சிறு அநீதியாகும். தடையால் ஒரு படம் தீயதாவதுமில்லை; தடையாலேயே அது நல்லதாவதுமில்லை.

‘கொமிசார்’ அவ்விரக்கத்தை வேண்டி நிற்கும் படமன்று. வவிலோவா பிள்ளைப்பேற்று வேதனையில் தவிக்கும்பொழுது, பெரும் மணல்வெளி ஒன்று திரையில் விரிகின்றது. வீரர் பீரங்கியை மணலூடே தள்ளிச் செல்கின்றனர். வரிசையாக நின்று வெறும் மணலை அரிவாளால் அறுக்கின்றனர். போரின் உழைப்பு முழுவதும் விளைவில்லா அறுவடையாக அங்கே தோன்றுகின்றது. பிள்ளைகள் பெரியோரின் கொடுமைகளைக் கண்டு, அவற்றையே விளையாட்டாக ஆடித் தம் தமக்கையை வருத்தும் காட்சி, வன்முறை எவ்வாறு தலைமுறைக்குத் தலைமுறை கையளிக்கப்படுகின்றது என்பதை உரையின்றி உணர்த்துகின்றது. வவிலோவாவாக நொன்னா மொர்தியுக்கோவாவும், யெபிமாக றோலன் பீக்கொவும் நடித்துள்ளனர். இசையமைத்தவர் அல்பிரெட் ஷ்னிற்கே. 1988ஆம் ஆண்டு பேர்லின் திரைப்பட விழாவில் இப்படம் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசாகிய வெள்ளிக் கரடியைப் பெற்றது. இருபது ஆண்டு பழைமைப்பட்ட கறுப்பு வெள்ளைப் படம் புதிய படங்களோடு நின்று பெற்ற பரிசு அது.

இனி, இழப்பின் கணக்கைப் பார்க்கலாம். மீட்கப்பட்டவை மேலே கூறியவை. மீட்கப்படாதவை வேறு. மூலக் கதையை எழுதிய குரொஸ்மன், படம் தொடங்குமுன்பே மறைந்தார். படைத்தலைவனாக நடித்த வாசிலி ஷுக்‌ஷின், தாமே சிறந்த எழுத்தாளரும் நெறியாளருமாக விளங்கியவர். 1974இல் இறந்த அவர் இப்படத்தின் வெளியீட்டைக் காணவில்லை. 1967இல் இதனைக் கண்டிருக்க வேண்டிய இளந் தலைமுறையினர், பேசப்படாதிருந்த ஒரு பேரழிவைத் திரையிற் கண்டு வினவியிருக்கக்கூடிய வயதில், அதனைக் காணாமலே நடுவயதை எய்தினர். தம் காலத்துக்குக் கூற வேண்டியதைப் பிந்திய காலத்துக்கு ஒரு வரலாற்றுச் சான்றாகவே அப்படம் கூற நேர்ந்தது.

யாவற்றினும் பெரிய இழப்பு, அஸ்கோல்தொவ் எடுக்காத படங்கள். விடுதலைக்குப் பின்னரும் அவர் மற்றொரு கதைப்படம் எடுக்கவில்லை. உலக நாடுகள் பலவற்றில் தம் ஒரே படத்துடன் சென்று மக்களைச் சந்தித்தார்; மாணாக்கருக்குக் கற்பித்தார்; 2018ஆம் ஆண்டு மே மாதம் சுவீடன் நாட்டில் தமது எண்பத்தைந்தாம் வயதில் மறைந்தார். முப்பத்தைந்து வயதில் இத்தகைய படத்தை ஆக்க வல்லவர், நாற்பதிலும் ஐம்பதிலும் எவற்றை ஆக்கியிருப்பார் என்பதை அறிய வழியில்லை.

படச்சுருளைத் தட்டிலிருந்து எடுத்துத் தூசி துடைத்து ஒளியிற் காட்டலாம். ஒரு மனிதரின் இருபது ஆண்டுகளை அவ்வாறு எடுத்துக் காட்ட இயலாது. ஒரு படைப்பைத் தடைசெய்ய எண்ணும் எவரும், தாம் ஒரு படத்தை நிறுத்துவதாகவே நினைப்பர். அப்படத்தின்பின் வரவிருந்த படங்களையும் அவர் நிறுத்துகின்றார். அவற்றுக்குத் தடைக் கட்டளையுமில்லை, பின்னொருநாள் விடுதலையுமில்லை. வெள்ளை மண்டபத்தில் அன்று திரை ஒளிர்ந்தபோது காட்டப்பட்டது ஒரு படமே.