ஆடுபவரே வாழ்வர்

மொழி அழிந்தால் பாட்டும் அழியும். பாட்டு நின்றால் மொழியும் நெடுநாள் நில்லாது. இவ்வுண்மையை உணர்ந்து, பல்கலைக்கழகத்திற்குள்ளேயே இரண்டையும் வாழவைத்த அறிஞர் டாக்டர் ராம் தயாள் முண்டா (1939–2011) ஆவார்.

இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்தில், தமாட் பகுதியிலுள்ள தியூரி என்னும் சிற்றூரில், முண்டா பழங்குடிக் குடும்பத்தில் அவர் பிறந்தார். அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்று, மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகப் பணியாற்றினார். அங்கேயே தங்கியிருந்தால் வசதிக்குக் குறைவிருந்திராது. ஆயினும் 1980களின் தொடக்கத்தில் தாயகம் திரும்பி, ராஞ்சி பல்கலைக்கழகத்தில் பழங்குடி, வட்டார மொழிகள் துறையை உருவாக்கினார்.

அத்துறையில் இடம்பெற்ற மொழிகள் ஒன்பது. முண்டாரி, சந்தாலி, ஹோ, காரியா, குடுக் ஆகிய ஐந்தும் பழங்குடி மொழிகள். ஏனைய நான்கும் வட்டார மொழிகள். இவற்றுள் குடுக், தமிழைப் போலவே திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்தது!

வீட்டில் பேசும் மொழி பட்ட வகுப்புக்கு வந்தால் என்ன நிகழும்? அதற்குப் பாடநூல் வேண்டும், இலக்கணம் வேண்டும், ஆசிரியர் வேண்டும். பேசக் கூசிய மொழியே ஒருவனுக்குப் பட்டமும் பிழைப்பும் தரும். பாட்டியின் பாட்டு பாடமாகும்.

முண்டா இதோடு நிற்கவில்லை. அவ்வூர்களில் ஆணும் பெண்ணும் கூடிப் பாடி ஆடும் களத்திற்கு 'அகரா' என்று பெயர். இளைஞர் தம் மொழியையும் மரபையும் கற்கும் பள்ளிக்கூடமும் அதுவே. படித்தவர் அக்களத்தை விட்டு விலகலாகாது என்பது அவர் கொள்கை. தாமே புல்லாங்குழல் ஊதினார். நகாரா முரசு கொட்டினார். மாணவரோடு கைகோத்து ஆடினார். துணைவேந்தரான பின்னும் இதை விடவில்லை. 'ஆடுபவரே வாழ்வர்' என்பது அவர் அடிக்கடி சொல்லிவந்த கருத்து. 2007இல் சங்கீத நாடக அகாதமி விருதும் 2010இல் பத்மஸ்ரீ விருதும் அவரைத் தேடி வந்தன.

நண்பர்களே! இது எங்கோ நடந்த கதை என்று தள்ளிவிடலாகாது. நம் காரியாபட்டி, திருச்சுழிப் பக்கத்து ஊர்களிலும் முளைப்பாரிக் கும்மி உண்டு, ஒயிலாட்டம் உண்டு. படிப்பு ஏற ஏற, அந்த வளையத்தில் நிற்க நமக்குக் கூச்சம் வருகிறது. என் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். என் அப்பத்தாவுக்குத் தெரிந்த கும்மிப் பாட்டுகளில் ஒன்றுகூட எழுத்தில் இல்லை. நம்மில் பலர் வீட்டிலும் இதே நிலைதான். வரும் விடுமுறையில் ஆளுக்கொரு நோட்டுப் புத்தகத்தோடு அவர்கள் அருகில் அமர்வோம். எழுதியதோடு நில்லாமல், அடுத்த பொங்கலுக்கு நாமும் வளையத்தில் இறங்குவோம். ஏட்டில் மட்டும் உள்ள பாட்டுக்குப் பாதி உயிர்தான். மீதி உயிர் நம் தொண்டையிலும் காலிலும் இருக்கிறது.