மல்லாட்டையின் தூக்கம்

ஓமந்தூர், திண்டிவனம் பக்கம் நிலக்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். பிடுங்கும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் இங்கே பலருக்கு வயிற்றில் புளி கரையும். கொத்து ரகம் என்றால் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். கொடி ரகம் அப்படியில்லை. ஈரம் பட்டாலும் சில வாரங்கள் அசையாது. விதை உறக்கம் என்பது இதுதான்.

விதைக்குள் செடி தானே சேர்த்துவைக்கும் அப்சிசிக் அமிலம்தான் முளையை அடக்கிவைக்கிறது. தக்காளிக்குள் விதை நனைந்தபடியே கிடந்தும் முளைக்காமல் இருக்கிறதே, அதிலும் இந்த அமிலத்துக்குப் பங்குண்டு. நாளாக ஆக மல்லாட்டையில் அமிலத்தின் பிடி தளரும். பழத்தைப் பழுக்கவைக்கும் அதே எத்திலீன் வாயு விதைக்குள் சுரக்க, தூக்கம் கலையும். உடனே விதைக்க வேண்டுமானால், எத்திலீனை வெளியிடும் எத்ரல் கரைசலில் விதையை நனைத்து எழுப்பிவிடலாம்.

கொத்து ரகத்துக்கும் கொஞ்சம் தூக்கம் வேண்டும், அளவோடு. இரண்டு வாரம் தூங்கினாலே மழை விட்டதும் பிடுங்கிவிடலாம். அப்படிப்பட்ட ரகங்களைத் தேடுவது கடலை ஆய்வாளர்களின் நெடுநாள் வேலை. சில கடலை ரகங்களின் பெயரில் வரும் டி.எம்.வி. என்ற எழுத்துகள் எந்த ஊரைக் குறிக்கின்றன தெரியுமா? நம்ம திண்டிவனத்தைத்தான்!