தலைவர்களுக்கு ஓய்வு வயது உண்டா?

ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களில் வெட்டுக் கத்தி பிடித்த நம்மவருக்கு 60 வயதாகிவிட்டால், "போதும் தாத்தா, வீட்டிலே இருங்க" என்று கணக்கை முடித்துவிடலாம். நம்மிடம் ஓட்டுக் கேட்டு வரும் தலைவர்களுக்கோ அப்படி ஒரு கெடு கிடையாது. நாடாளுமன்றத்துக்குப் போட்டியிட 18 வயது ஆகவேண்டும் என்கிற அரசியல் சட்டம், எந்த வயதில் விலக வேண்டும் என்று சொல்லவில்லை.

சட்டம் போட்டுத்தான் நிறுத்த வேண்டுமா? நமக்கு அப்படித் தோன்றவில்லை. 2018-இல் துன் மகாதீர் 92 வயதில் மீண்டும் பிரதமரானார். மக்கள் போட்ட ஓட்டுதான். 2022-இல், 97 வயதில், லங்காவியில் வைப்புத் தொகையையே இழந்தார். அதுவும் மக்கள் போட்ட ஓட்டுதான்! 1974 முதல் சுங்கை சிப்புட்டை வைத்திருந்த சாமிவேலு தோற்றது 2008 மார்ச் 8-ஆம் தேதி. அன்று அவருக்கு 72-ஆவது பிறந்தநாள்.

ஆனாலும் அதற்கு 34 ஆண்டுகள் ஆயின. ஓட்டுச் சீட்டில் யார் பெயர் வரும் என்பதைக் கட்சிதானே முடிவு செய்கிறது? வயதுக் கட்டுப்பாடு வேண்டியது அங்கேதான்.

நம் பிள்ளைகள் கதையைப் பாருங்கள். மலாக்கா சட்டமன்றத் தேர்தல் 2021 நவம்பர் 20-இல் நடந்தது. 18 வயதினருக்கு ஓட்டுரிமை நடப்புக்கு வந்ததோ டிசம்பர் 15-இல். இருபத்தைந்தே நாளில் வாய்ப்புப் போச்சு!

அடுத்த முறை லயத்துப் பக்கம் மாலை போட்டுக்கொண்டு வருகிறவரிடம், அந்தப் பிள்ளைகளே கேட்கட்டும்: "ஐயா, உங்களுக்குப் பிறகு யாரு? பேரைச் சொல்லிட்டுப் போங்க."