உளச்சிதைவு நோயும் உடலசைவும்

உளச்சிதைவு நோயாளர் சிலரின் நாக்கு வாய்க்குள் ஓயாது புரள்வதும், உதடுகள் எதையோ மெல்வன போல அசைவதும் உண்டு. தம்பிலுவில் போன்ற ஊரொன்றில் இதனைக் காணும் அயலார் விசர் முற்றிவிட்டது என்பர். வீட்டார் ஊசியால் வந்த வினை என்பர். இரு கூற்றிலும் உண்மை உண்டு. எதில் எவ்வளவு என்பதே நாம் ஆராயப் புகும் வினா.

மருந்தின்மீது பழி சுமத்துவதற்கு நியாயம் இருக்கிறது. 1952இல் பாரிஸில் டிலே, டெனிக்கர் ஆகியோர் குளோர்புரோமசீனை மனநோய்க்குக் கையாண்ட சில ஆண்டுகளுள்ளேயே இத்தகைய அசைவுகள் பற்றிய குறிப்புகள் வெளிவரலாயின. இம்மருந்துகள் மூளையில் டோப்பமீன் ஏற்பிகளை அடைக்கின்றன. அவ்வடைப்பு உடலசைவை நெறிப்படுத்தும் பகுதியிலும் நிகழ்வதால் நடுக்கமும் விறைப்பும் தோன்றும். சிகிச்சை நீடிப்பின் வாயசைவுகளும் தோன்றக்கூடும். எனினும் 1874இலேயே கால்பாம் என்னும் ஜேர்மனிய மருத்துவர் மனநோயோடு இணைந்த உடலசைவுக் கோளாறுகளை விரிவாக வருணித்திருந்தார். அன்று இம்மருந்துகள் இல்லை.

நோயின் பங்கை அளக்க, மருந்தே உண்ணாத முதிய நோயாளர் வேண்டும். மேனாடுகளில் அத்தகையோர் அரியர், சென்னையில் இருந்தனர். (வறுமையும் புறக்கணிப்பும் ஆய்வுக்கு வாய்ப்பளித்தமை மகிழ்ச்சிக்குரியதன்று.) ஸ்கொத்லாந்தின் மக்கிரீடியும் சென்னை ஸ்கார்ஃப் நிறுவனத்தின் தாரா முதலியோரும் 1996இல் வெளியிட்ட ஆய்வில், தன்னிச்சையற்ற அசைவுகள் நோயற்றோருள் 15 வீதத்தினரிடமும், மருந்துண்ணாத நோயாளருள் 38 வீதத்தினரிடமும், மருந்துண்டோருள் 41 வீதத்தினரிடமும் காணப்பட்டன. நடுக்கமும் விறைப்பும் முறையே 6, 24, 36 வீதம். மருந்துண்ணாதோர் 21 பேரே. ஆகவே இவ்வெண்களை அளவுக்கு மீறி நம்புதல் தகாது. ஆயினும் நோய் தானாகவே உடலசைவைப் பாதிக்கவல்லது என்பதை மறுப்பது கடினம்.

இதன் விளைவு நடைமுறை சார்ந்தது. வாயசைவைக் கண்டு வெட்கி ஊசியைத் திடீரென நிறுத்தினால் அசைவு சிலகாலம் கூடவும், நோய் மீளவும் இடமுண்டு. நடுக்கத்தைத் தணிக்கும் பென்செக்சோல் வாயசைவை மோசமாக்கவும் கூடும். மருந்தால் விளையும் இருப்புக்கொள்ளாமையை நோயின் கொந்தளிப்பெனக் கருதி மருந்தைக் கூட்டுவோரும் உளர். கூட்டக் கூட்டத் தவிப்பும் கூடும்.

அசைவுகளைப் பதியும் அளவுகோல் ஒன்று 1976 முதல் வழக்கில் உள்ளது. கருவி எதுவும் வேண்டியதில்லை. நோயாளரை நாற்காலியில் இருத்தி, வாயைத் திறக்கவும் நாக்கை நீட்டவும் சொல்லி, நடக்கவிட்டுப் பார்த்தால் போதும். சில நிமிடங்களே செல்லும். கிராமத்து மருத்துவமனையின் தாதியரும் பயின்று செய்யத்தக்க இச்சோதனையை முதல் ஊசிக்கு முன்னரே செய்தல் வேண்டும். அன்று பதியாவிடின், பின்னர் தோன்றும் அசைவில் நோயின் பங்கு எது, மருந்தின் பங்கு எது எனப் பிரித்தறிய வழியில்லை.